காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் பனிமலைக்குப் போனவள்

ஆம், பொய்தான் சொன்னேன். எனக்குக் காய்ச்சல் இல்லை.

இன்று ஒஸ்லோ மண்டபத்தில் தெரிந்தவர் வீட்டுப் பிறந்தநாள் விழா. நான் இருந்தது மலைக்குடிலில். காலையில் பனியில் சறுக்கும் ஸ்கிப் பலகையின் அடியில் வழுக்காத பட்டியை ஒட்டிக்கொண்டு மூன்று மணித்தியாலம் ஏறினேன். இறங்கும்போது இரண்டு முறை விழுந்தேன். பார்க்க ஒருவரும் இல்லை.

மாலையில் தோளில் ஸ்கியோடு எங்கள் குரோருட் பகுதிக்குப் போகும் ரயிலில் ஏறினால், எதிரே பட்டுச்சேலையில் எங்கள் மேல்மாடி வசந்தி அக்கா. விழாவிலிருந்து திரும்புகிறார்.

“உமக்குக் காய்ச்சல் எண்டெல்லோ அங்கை சொன்னவை? ஐயோ, இதென்ன முகம்! கண்ணைச் சுத்தி மட்டும் வெள்ளை, மிச்சமெல்லாம் கறுத்துப் போச்சு!”

“பனிவெயில் அக்கா. கண்ணாடி போட்ட இடம் மட்டும் தப்பிட்டுது.”

“இப்பிடிக் கறுத்தால் உம்மை ஆர் கட்டப்போறான்?”

“உச்சியிலை ஒரு மணித்தியாலம் இருந்தனான் அக்கா. ஒருத்தரும் இந்தக் கேள்வி கேக்கேல்லை.”

அவர் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

இதற்குள் செய்தி பாதி ஒஸ்லோவுக்குப் போயிருக்கும். மீதிப் பாதிக்கு நானே சொல்லிவிடுகிறேன், முகத்தின் படத்தோடு இந்தப் பதிவில்.

அடுத்த சனிக்கிழமையும் மண்டபத்தில் ஒரு விழா. எனக்குக் கட்டாயம் காய்ச்சல் வரும். குடிலில் இன்னும் மூன்று கட்டில் காலியாக இருக்கிறது.

வேறு யாருக்கெல்லாம் உடம்பு சுடுகிறது?