மருதனார்மடத்தில் ஒரு மோர்ப் பந்தல்

மருதனார்மடச் சந்தியில் பேருந்தை நிறுத்தியிருக்கிறார்கள். மரதன் ஓட்டம் கடந்து போகும்வரை வழி இல்லையாம். ரயில் தவறிவிடுமோ என்ற கவலையோடு இறங்கி, ஓடுகிறவர்களை எண்ணிக்கொண்டு நிற்கிறேன்.

பக்கத்தில், கோயில் திருவிழாவுக்குப் போடுவதுபோல ஒரு தண்ணீர்ப் பந்தல். சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்கிறவர் ஒருவர், ஓடுகிறவர்களைக் கையைப் பிடித்து நிறுத்தி மோர் கொடுக்கிறார். பந்தலைத் தாண்டி யாரும் குடிக்காமல் போகக் கூடாதாம்.

"முதல் வருசம் கொஞ்சப் பேர்தான் ஓடினவை, ஐயா. பொலிஸ் ஆரையோ துரத்துது எண்டு நாங்கள் படலையைச் சாத்திப்போட்டம். இப்ப பாருங்கோ, என்ரை மகளும் ஓடுறாள்."

பெண்களில் மூன்றாவதாக வருகிறவள் வேண்டாம் என்று தலையாட்டுகிறாள். விடாமல் இரண்டு குவளை குடிக்க வைத்தே அனுப்புகிறார். நான்காவதாக வருகிறவள் அவருடைய மகள். மூன்று பேருக்குத்தான் பரிசு. குவளையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறார்.

"நில்லாதை பிள்ளை, ஓடு! மூண்டாவது ஆள் உதிலைதான் போறாள்!"

"ஊருக்கெல்லாம் மோர், எனக்கு மட்டும் இல்லையோ அப்பா?"

அவர் கையிலிருந்து குவளையைப் பறித்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஓடுகிறாள். எனக்கே பதறுகிறது.

மூன்றாவதாகப் போனவள், குடித்த மோர் குத்த, விலாவைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கொஞ்சத் தூரத்தில் மகளும் விலாவைப் பிடிக்கிறாள்.

அவர் பெருமூச்சு விடுகிறார்.

"சரி, இப்ப ரெண்டு பேருக்கும் சமன்," என்று சொல்லி, என் பக்கம் ஒரு குவளையை நீட்டுகிறார்.