பதினாலாவது குடம்

"அக்கா, ராஜபாளையம் மோட்டார் பாய் தவறிட்டாராம்" என்று பால்காரர் சொன்னபோது உலையில் அரிசி போட்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் விளக்கேற்றினேன். ஆண்டாளிடம் சொன்னால் சேரவேண்டிய இடத்துக்குச் சேரும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் அவர் கைபடாத மோட்டார் கிடையாது. எங்கள் பின்னறை தெருவைவிட இரண்டு படி தாழ்வு. அதையொட்டி, குளிக்கிற தண்ணீரும் மழைத்தண்ணீரும் சேரும் குழி. குழி நிறைந்தால் மிதவைப்பந்து எழும்பிச் சுவிட்சைத் தட்டும். மோட்டார் ஓடித் தண்ணீரை வெளியே இறைக்கும்.

எண்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. பின்னறையில் என் மகள் பத்து நாள் குழந்தையுடன் படுத்திருந்தாள். வானம் மூடியிருந்தது. கூப்பிடாமலே பாய் வந்து நின்றார்.

"நேத்துத்தான் சுவிட்சைப் போட்டுப் பாத்தேன் பாய். கும்முனு ஓடுது" என்றார் என் கணவர்.

"நீங்க போட்டீக, ஓடுச்சு. தண்ணி போட்டா ஓடுதான்னு பாத்தீகளா அண்ணாச்சி?"

குடம் குடமாகக் குழியில் ஊற்றினார். இருபது குடம் ஆயிற்று. தண்ணீர் விளிம்புக்கு வந்தும் மோட்டார் வாயைத் திறக்கவில்லை. மெயினை அணைத்துவிட்டு உள்ளே கைவிட்டவர் சிரித்துவிட்டார்.

"தங்கச்சி, ஆயுத பூசைக்கு இந்தப் பந்தைக் கட்டிப்போட்டது யாரு?"

நான்தான். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள், பந்துக்கும் மஞ்சள் நூலில் பூச்சுற்றி, விழாமலிருக்கக் குழாயோடு சேர்த்து இறுக முடிந்திருந்தேன். மழை கொட்டியிருந்தால் குழி நிரம்பி, குழந்தை கிடந்த அறைக்குள்தான் தண்ணீர் ஏறியிருக்கும். அவர் நூலை அறுக்கவில்லை. பொறுமையாக முடிச்சை அவிழ்த்து, கழுவி, என்னிடம் தந்தார்.

"சாமிக்குக் கட்டுன நூலு, நீங்களே செடியில போடுங்க. அடுத்த வருசம் பூவை மோட்டாருக்கு வைங்க. பந்தை மட்டும் அது போக்குல விட்டுருங்க."

மெயினைப் போட்டதும் மோட்டார் உறுமியது. காப்பியை நீட்டினேன், வாங்கவில்லை. "இருங்க. ஓடுறது பாதி வேலைதான். தானா நிக்கணும்ல?" அது நின்ற பிறகு ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டு, காலிக் குழியில் மறுபடி ஊற்றி எண்ணினார். "பதினாலாவது குடத்துல எழும்புது. கூடப் போச்சுன்னா சொல்லி விடுங்க, வாரேன்."

அன்று மாலை பிடித்த மழை மறுநாள்தான் விட்டது. மோட்டார் தானாக ஓடி ஓடி நின்றது; பின்னறையில் குழந்தை நிம்மதியாகத் தூங்கியது.

ஒவ்வோர் ஆயுத பூசை முடிந்ததும் ஊற்றி எண்ணி நோட்டில் எழுதிவைப்பேன். அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்த எண்ணிக்கைதான். இந்த வருடப் பூசை முடிந்து நேற்றும் ஊற்றினேன். பதினாலாவது குடத்தில் மோட்டார் ஓடியது. தானாக நிற்கும்வரை காத்திருந்தேன். பாய்க்குச் சொல்லி விட வேண்டியிருக்கவில்லை.