கிங்ஸ்பரியில் நான் வெளியே உட்கார்ந்த நாற்பது நிமிடங்கள்

லண்டன் போனது 2007 ஜூனில். எழுத உட்கார்ந்தது செப்டம்பரில். இவ்வளவு தாமதம் ஏன் என்று கடைசிவரை படிப்பவர்களுக்குப் புரியும். அலுவலகம் வியாழனும் வெள்ளியும் லண்டனில் ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. டிக்கெட் அவர்கள் செலவு என்பதால், நான்கு நாள் விடுப்புப் போட்டு முந்தைய சனிக்கிழமையே போய் இறங்கிவிட்டேன். தங்கியது கிங்ஸ்பரியில், என் மனைவியின் அக்கா வசந்தி வீட்டில். நான் திருச்சிக்காரன், மனைவி யாழ்ப்பாணம். இருவரும் பதினோரு வருடமாக டெக்சஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கிறோம். வசந்தி அக்கா குடும்பம் ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு மூன்று வருடத்துக்கு முன்னால் லண்டனுக்கு மாறியது.

ஹூஸ்டனிலிருந்து வழியில் ஒரு விமானம் மாறி, பதின்மூன்று மணி நேரம். மதியம் 12.20க்கு ஹீத்ரோ. குடிவரவு வரிசையில் ஐம்பது நிமிடம். அங்கிருந்து பிக்கடில்லி பாதையில் கிரீன் பார்க், மாறி ஜூபிலி பாதையில் கிங்ஸ்பரி. ஒன்றரை மணி நேரம் ஆனது. பயணச்சீட்டை ரொக்கமாக வாங்கி நான்கு பவுண்டு கொடுத்தேன். ஆய்ஸ்டர் என்ற லண்டன் பயண அட்டை வைத்திருந்தால் கிட்டத்தட்ட பாதிதான் ஆகியிருக்கும். நிலையத்துக்கு வந்திருந்த அக்காவின் கணவர் சிவநேசன் அண்ணன் என் சீட்டைப் பார்த்துவிட்டு, "அமெரிக்காக்காரர் எண்டா இப்பிடித்தான்" என்று சிரித்தார்.

வீட்டில் முதல் அதிர்ச்சி சமையலறை மேசைமேல் கிடந்தது. குப்பை எடுக்கும் நாட்களைப் பற்றி, நம்மூர் நகராட்சி மாதிரியான கவுன்சில் அனுப்பிய துண்டறிக்கை. பின்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு மொழிகள், நடுவில் தமிழ்! இந்தத் தகவல் உங்கள் மொழியில் வேண்டுமானால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள் என்று அழகாக அச்சடித்திருந்தார்கள். வெள்ளைக்காரன் நாட்டில், குப்பைக்குக்கூடத் தமிழ்! நெஞ்சு நிமிர்ந்துபோய் நான்கு படம் எடுத்தேன். மனைவிக்கு அனுப்பினேன். "இங்கே எப்போது வரும் இப்படி?" என்று பதில் வந்தது.

இதில் கேலிக்கூத்து என்னவென்றால், டெக்சஸில் அது ஏற்கெனவே வந்துவிட்டது, ஸ்பானிஷில். வந்ததில் எனக்கு எரிச்சலும் வந்திருந்தது. நாங்கள் குடிபோனபோது எங்கள் பகுதிப் பள்ளியில் மெக்சிகோ, எல் சால்வடோர் வழிப் பிள்ளைகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். இன்று என் மகனின் வகுப்புப் படத்தில் அவர்கள்தான் நிறைந்திருக்கிறார்கள். பள்ளி அறிவிப்புகள் இரண்டு மொழியில். தேர்தல் வாக்குச்சீட்டு இரண்டு மொழியில். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் ரோசா வாக்குச்சாவடியில் ஸ்பானிஷ் பேசுவோருக்கு உதவியாளர். இப்போது பள்ளி வாரியத் தேர்தலுக்கே நிற்கப்போகிறார். நான் பெற்றோர் குழுவில் இருக்கிறேன். கூட்டங்களுக்கு ஒரு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரை வைக்கலாமா என்று ஏப்ரலில் பேச்சு வந்தபோது, எழுந்து நின்று எதிர்த்தவன் நான்தான். வந்த நாட்டில் மொழியைக் கற்றுக்கொள்ளட்டும், அதுவரை பிள்ளைகள் சொல்லட்டும் என்றேன். கை தட்டினார்கள். விஷயம் ஒத்திவைக்கப்பட்டது.

இதைச் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் பெருமையாகவே சொன்னேன். சொல்லக் காரணம் இருந்தது. அக்காவின் மகள் தர்ஷிகாவுக்குப் பதினோரு வயது. செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளி. வீட்டிலிருந்து ஏழு நிமிட நடையில் ஒரு பள்ளி இருக்க, இரண்டு பேருந்து மாறிப் போகும் பள்ளியில் கவுன்சில் இடம் கொடுத்திருந்தது. அதை எதிர்த்து அக்காவும் அண்ணனும் முறையீடு செய்திருந்தார்கள். செவ்வாய் காலை 10.30க்கு விசாரணை. அண்ணனுக்குக் கடையில் ஷிப்ட் மாற்ற முடியாததால் அக்கா தனியாகப் போகவேண்டும். அக்காவுக்கு ஜெர்மன் நன்றாக வரும், ஆங்கிலம் கொஞ்சம்தான். கவுன்சில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருப்பதாகக் கடிதத்தில் இருந்தது.

"நான் இருக்கும்போது எதுக்குக்கா வெளியாள்? நானே பேசிடறேன். இல்லைன்னா தர்ஷிகாவே சொல்லிடுவாளே, எங்க ஊர்ல பிள்ளைங்கதான் அம்மா அப்பாவுக்குச் சொல்லுதுங்க" என்றேன்.

"பிள்ளையைக் கொண்டோ?" என்றார் அக்கா.

சிவநேசன் அண்ணன்தான் கேட்டார்: "அப்ப அந்தப் பிள்ளையளுக்கு முன்னாலை சொல்ல ஏலாத கதையை அந்தத் தாய்மார் ஆருக்குச் சொல்லுவினம்?"

அப்படி என்ன பெரிய கதை இருக்கப்போகிறது என்று நான் அப்பளத்தை நொறுக்கினேன். அக்கா, "பாப்பம் தம்பி" என்றார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்துப் பெண்ணோடு பத்து வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்திய எனக்கு, 'பாப்பம்' என்று சொன்னால் பெரும்பாலும் 'வேண்டாம்' என்றுதான் அர்த்தம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிறு ஊர் சுற்றினேன். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். திங்கள் காலை கவுன்சிலுக்குத் தொலைபேசினேன். நானே, யாரையும் கேட்காமல்! மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, குடும்பத்தில் ஆள் இருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் இருந்த பெண் மிக மரியாதையாக, அதைத் தாயார்தான் சொல்லவேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். பிறகு அக்காவும் நானும் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனோம். கிங்ஸ்பரியிலிருந்து இரண்டு ரயில், நடையும் சேர்த்து ஒரு மணி பத்து நிமிடம். ஹைகேட் மேட்டில் ஏறுவது முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம், நிலைய வாசலிலேயே பேருந்து இருக்கிறது. அக்கா சந்நிதியில் வெகுநேரம் நின்றார். ஒரு பள்ளிக்கூட இடத்துக்கு இவ்வளவு வேண்டுதலா என்று நினைத்தேன்.

செவ்வாய் காலை 9.40க்குப் பேருந்து. அட்டையில் ஒரு பவுண்டு, ரொக்கம் என்றால் இரண்டு. நான் டை கட்டியிருந்தேன். பேசவேண்டியதை ஒரு தாளில் குறித்து வைத்திருந்தேன்: தூரம், மழை, குளிர்கால இருட்டு. 10.10க்குக் கவுன்சில் கட்டடம். வரவேற்பில் ஓர் அம்மா எழுந்து வந்து, "வணக்கம், நாந்தான் இன்னைக்கு உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்" என்றார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவராம். நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, அவரைச் சிரமப்படுத்துவதற்கு வருந்துவதாகச் சொன்னேன். அதற்குள் விசாரணைக் குழுவின் எழுத்தர் வந்தார். அக்காவைப் பார்த்து, உங்களோடு யார் உள்ளே வரவேண்டும் என்று கேட்டார்.

நான் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், யாரையும் எதிர்பார்க்காமல், தானே சொன்னார்: அவர் வெளியே இருக்கட்டும், தயவுசெய்து.

முகத்தில் யாரோ தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது. கடல் தாண்டி வந்தவன், டை வேறு கட்டியிருக்கிறேன், யாரோ ஒரு மலேசியக்கார அம்மா உள்ளே போகிறார், சொந்தத் தங்கை புருஷன் நடைபாதை நாற்காலியில்! நாற்பது நிமிடம். எதிர்ச் சுவரில் இருந்த அறிவிப்புகளை எல்லா மொழியிலும் படித்தேன், புரிகிறதோ இல்லையோ. மனைவிக்கு என்னென்ன சொல்லவேண்டும் என்று வரிசை போட்டேன்.

11.15க்குக் கதவு திறந்தது. அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. நான் மொழிபெயர்ப்பாளரிடம் போய், என்ன ஆச்சு, என்ன சொன்னாங்க என்று கேட்டேன். அவர் பையை மூடிக்கொண்டே, "உள்ள பேசினது உள்ளதான் சார். நான் வெளியில சொல்ல முடியாது" என்றார். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் அக்காவே சொன்னார். "தம்பி, கோவிக்காதேங்கோ. பிள்ளைக்கு வலிப்பு வாறது. ரெண்டு வருசமா. மருந்து எடுக்கிறா. அதுக்குத்தான் கிட்டடிப் பள்ளிக்கூடம் வேணும். ரெண்டு பஸ் மாறிப் போகேக்கை வழியிலை விழுந்தா ஆர் பாக்கிறது?"

முறையீட்டுப் படிவத்தில் வெறும் 'தூரம்' என்று மட்டும் எழுதியிருந்தார்களாம். படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் இன்னொரு சொந்தக்காரர், அவர் முன்னாலும் சொல்லவில்லை. மருத்துவமனைக் கடிதத்தை அக்கா கைப்பையில் ஒளித்துக் கொண்டுவந்து, உள்ளே போனபிறகுதான் எடுத்திருக்கிறார். நல்லவேளை, கடைசி நிமிடம் என்றாலும் வாங்கிக்கொண்டார்கள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"உங்கடை மனிசிக்கே சொல்லேல்லை, என்ரை தங்கச்சி. நீங்கள் எங்கடை வீட்டு மாப்பிள்ளை. உங்களுக்குச் சொன்னா அவவுக்கு, அவவிட்டை இருந்து கனடாவுக்கு, பிறகு ஊருக்கு. நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு கலியாணம் பேசேக்கை இந்தக் கதைதான் முன்னுக்கு நிக்கும். அந்த மனுசி ஆரோ எவரோ. அவவுக்குச் சொல்ல ஏலும். உங்களுக்குச் சொல்ல ஏலாது."

நான் உள்ளே போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அக்கா மழையையும் இருட்டையும் பற்றிப் பேசியிருப்பார். நான் அதை அழகான ஆங்கிலத்தில் சொல்லியிருப்பேன். அந்தக் குழந்தை செப்டம்பரில் இரண்டு பேருந்து மாறியிருக்கும். நான் நல்ல காரியம் செய்த திருப்தியோடு விமானம் ஏறியிருப்பேன்.

அன்று மாலையே அக்கா வீட்டுக் கணினியில் எங்கள் பெற்றோர் குழுத் தலைவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஏப்ரலில் நான் சொன்னது தப்பு, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நாலு வரி. ஞாயிறு காலை ஹீத்ரோவில் பதிலைப் பார்த்தேன். 'உங்கள் ஏப்ரல் பேச்சு எல்லோரையும் கவர்ந்துவிட்டது, அந்த யோசனையை முழுதாகவே கைவிட்டாயிற்று, அந்தப் பணத்தில் பள்ளித் திடலுக்குப் புதிய ஸ்கோர் போர்டு வருகிறது' என்று எழுதியிருந்தார். பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வேறு.

லண்டன் போகிறவர்களுக்குச் சில விஷயம். ஹீத்ரோவில் இறங்கியதுமே ஆய்ஸ்டர் அட்டை வாங்குங்கள், மூன்று பவுண்டு முன்பணம், திருப்பித் தருவார்கள். ஜூனிலும் மழைச்சட்டை வேண்டும். கிங்ஸ்பரி பக்கம் தங்கினால் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. சொந்தக்காரர் யாருக்காவது கவுன்சிலிலோ மருத்துவமனையிலோ பேசவேண்டி இருந்தால், நீங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், பையைத் தூக்குங்கள், உள்ளே மட்டும் போகாதீர்கள். உங்கள் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. தர்ஷிகாவுக்கு ஏழு நிமிடப் பள்ளியிலேயே இடம் கிடைத்துவிட்டது. இங்கே இருக்கும் பெயர்கள் எல்லாம் மாற்றியவை. எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "பேரை மாத்திப்போட்டு எழுதுங்கோ. அங்கையும் என்னை மாதிரி ஆரும் இருப்பினம்" என்றார்.

இருந்தார். அதே ஏப்ரல் கூட்டத்தில், நான் பேசி முடித்த கொஞ்ச நேரத்தில், ஒரு தாய் எழுந்து ஸ்பானிஷில் இரண்டு மூன்று நிமிடம் பேசினார். பக்கத்தில் நின்ற ஒன்பது வயது மகனிடம் என்ன சொல்கிறார் என்று கேட்டோம். "அம்மா எல்லோருக்கும் நன்றி சொல்கிறார்" என்றான். 'பார்த்தீர்களா, பிள்ளையே சொல்லிவிட்டான்' என்று நான் சிரித்தேன். லண்டனிலிருந்து திரும்பிய நாளிலிருந்து அந்த மூன்று நிமிடம் மனதை விட்டு நகரவில்லை. ஆகஸ்டில், பள்ளி திறக்கும் வாரத்துக்கு முன்னால், ரோசாவை அழைத்துக்கொண்டு அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். ரோசா முதலில் பையனைப் பந்து விளையாட வெளியே அனுப்பினார். பிறகுதான் அன்று என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

அந்தத் தாய் சொல்லச் சொல்ல ரோசாவின் முகம் மாறியது. பள்ளிப் பேருந்தில் சில பையன்கள் தன் மகனைத் தினமும் அடிக்கிறார்கள், உடம்பில் காயத்தைப் பார்த்தேன், யாராவது தடுங்கள் என்று எங்கள் எல்லோரையும் கெஞ்சியிருக்கிறார். அடி வாங்கியவனே அதை எங்களுக்குச் சொல்லவேண்டியிருந்தது. அவன் வெட்கப்பட்டு நன்றி என்று மாற்றிவிட்டான். நாங்கள் புரிந்துகொண்டும் ஒன்றும் செய்யவில்லை என்று அந்தத் தாய் நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பேருந்தில்தான் என் மகனும் போகிறான். வீட்டுக்கு வந்து, உனக்கு இது தெரியுமா என்று கேட்டேன். "தெரியும்ப்பா, பஸ்ல எல்லாருக்கும் தெரியும்" என்றான்.