வீட்டில் நடந்த ஜமாஅத்

வளைகுடாவில், சத்வாவில் உள்ள எங்கள் அபாயா அங்கிக் கடைக்குக் கோலாலம்பூரிலிருந்து ஆர்டர் அனுப்பும் மலாய்ப் பெண் நூரா. பக்கத்து வீட்டுத் தமிழர்களிடம் தமிழ் பழகியவள். இங்கே வாட்ஸப் கால் போகாது, எங்கள் பேச்செல்லாம் வாய்ஸ் நோட்தான்.

இன்று பேச்சு லாக்டவுனுக்குப் போனது.

“பள்ளிவாசலை மூடினாலும் வீட்டுலயே குடும்பமா வரிசையில நின்னு ஜமாஅத்தா தொழுதோம்ல, அது ஒண்ணுதான் சந்தோஷம்” என்றேன்.

நூராவின் பதில் வந்தது.

“அக்கா, நான் திருநங்கை. வேலை பார்த்த சலூனை மூடிட்டாங்க, அப்பா வீட்டுக்குப் போயிட்டேன். முதல் வேலையா அப்பா என் முடியை வெட்டினாரு. பள்ளிவாசல் திறந்திருந்தா, போறேன்னு சொல்லிட்டு எங்கயாவது சுத்தியிருப்பேன். வீட்டுக்குள்ள எங்க ஓடுறது? அவருக்கு முழங்கால் வலி. மூத்த மகன்னு என்னையே தொழுகை நடத்துற இமாமா முன்னாடி நிக்கவெச்சாரு. அம்மாவும் தங்கச்சியும் பின்வரிசையில. பொம்பளைங்க நிக்கிற அந்தப் பின்வரிசைதான் நான் நிக்க ஆசைப்பட்ட இடம்.”

“யா அல்லாஹ்” என்று பதில் அனுப்பினேன்.

வருடாவருடம் எங்கள் வீட்டு லாக்டவுன் ஜமாஅத் போட்டோவை இந்தப் பக்கத்தில் போடுவேன், நீங்களும் ‘மாஷா அல்லாஹ்’ என்று குவிப்பீர்கள். இன்று அதைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடமும் அப்படி ஒரு போட்டோ இருக்குமே. அதில் சிரிக்காமல் நிற்பது யார்?