சத்தியபாய் சாப்பிட்டாள்

குன்னத்துகாலில் எங்கள் சபையில் வருஷந்தோறும் நடக்கும் அசன விருந்துக்கு இருபத்திரண்டு வருஷமாகச் சமைத்தவள் சத்தியபாய். வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு பொங்குவாள். ரப்பர் பால் வெட்டிய கணவன் செத்த பிறகு இரண்டு பெண்பிள்ளைகளைக் கரையேற்றியது அந்த அடுப்புதான். அவளுக்குக் காய் நறுக்கிக் கொடுப்பவள் நான். நடந்ததை எல்லாம் கண்ணால் பார்த்தவள். அதனால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

போன வருஷ அசனத்துக்கு மறுநாள் இருநூறு பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. எனக்கும்தான். சத்தியபாய்க்கு மட்டும் ஒன்றுமில்லை. வீடு வீடாகக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். அதுதான் அவள் செய்த குற்றம்.

"எல்லாரும் கெடக்கியோம், இவ மட்டும் எப்படி நடக்கியா? கெட்டதுன்னு தெரிஞ்சு இவ திங்கல்ல."

சபைச் செயலாளர் ஞானசிகாமணி கட்டிலில் கிடந்தபடியே தீர்ப்புச் சொன்னார். சமைத்தவர்கள் கடைசிப் பந்திக்கும் பிறகுதான் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அடுப்படியில் உட்கார்ந்து அவள் வழித்துத் தின்றதை நான் பார்த்தேன். சொன்னேன். "நீ அவளுக்க கூட்டுக்காரி" என்று என் வாயை அடைத்தார்கள். நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும். ஒரே வாரத்தில் பள்ளிக்கூடத்திலும் அவளை நிறுத்திவிட்டார்கள்.

அப்போது எல்லாரிடமும் பரிசோதனைக்கு மலமும் எச்சிலும் எடுத்துப்போன டாக்டர் ஜினி, இரண்டு மாதம் கழித்து அவள் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, அன்னைக்கு வந்த தீனம் நோரோ வைரஸாக்கும். ரத்த குரூப்புக்க அடையாளம் ரத்தத்துல மட்டும் இல்ல. முக்காவாசிப் பேருக்கு எச்சிலுலயும் குடலுலயும் உண்டு. அதப் பிடிச்சுதான் இந்த வைரஸ் உள்ள கேறும். ஒங்களுக்குப் பிறவியிலயே குடலுல அது இல்ல. தின்னாலும் இது ஒட்டாது. வேற வகை வந்தா ஒட்டலாம், கேட்டியளா."

"நான் தின்னேன்" என்றாள் சத்தியபாய்.

யாருக்கு எப்போது வந்தது என்று ஜினி எழுதிய பட்டியலில் முதலில் வாந்தி எடுத்தவர் யார் தெரியுமா? ஞானசிகாமணி. அசனத்துக்கு முந்தின நாள். தயிர்ப்பச்சடியைச் செயலாளர்தான் கையால் பிசைய வேண்டும், அது அவருக்கு மரியாதை. அன்றைக்கும் அவர்தான் பிசைந்தார். ஜினி சபைக்குக் கொடுத்த அந்தக் காகிதத்தைச் சபையில் வாசிக்காமல் மேசைக்குள் வைத்துப் பூட்டினார் அந்த மனுஷன்.

இந்த வருஷம் அவரே அவள் வாசலுக்கு வந்தார்.

"நடந்தது நடந்தாச்சு, சத்தியா. சமையலுக்கு வேற ஆளு கிட்டல்ல. நீ வந்து பொங்கு. ஒனக்குத்தான் ஒண்ணும் வராதே."

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. துடைப்பக்கட்டையைத் தேடினேன். அவளோ, "வாறேன்" என்றாள். அவள்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

அசனத்தன்று ஜெபம் முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தது. ஞானசிகாமணி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பச்சடிப் பாத்திரத்தை நோக்கி வந்தார். சத்தியபாய் ஒரு இலையை எடுத்து அவர் காலடியில் விரித்தாள். சோறும் சாம்பாரும் தானே விளம்பி, உட்கார்ந்து தின்றாள். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றாள். முன்னூறு பேர் காத்திருந்தார்கள்.

இலையை மடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் தின்னேன். எல்லாரும் கண்டாச்சு. இனி நீங்க சொல்லணும். போன வருஷம் முந்தின நாளு ஒங்களுக்கு என்ன தீனம்?"

அவர் பாத்திரத்தை விட்டு விலகினார். சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டார். நான் போய்ப் பச்சடியில் கரண்டியைப் போட்டேன்.