ஓர் இலக்கம் மாறினால் நீங்கள் வேறு ஆள்!

ஒரு வாரம் ஆகிவிட்டது. கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு சரோஜா அக்காவுக்குக் காலில் புண், கடும் காய்ச்சல். தனியாக இருப்பவர். போன செவ்வாய்க்கிழமை என் காரில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

கவுண்டரில் அக்காவின் அடையாள அட்டையை, அதாவது ஐசியைக் கொடுத்தேன். ஐசி எண்தானே இங்கே நோயாளியின் அடையாளம்? கார்டு படிக்கும் மெஷின் அன்று ரோசாக், வேலை செய்யவில்லை. கவுண்டர் பெண்மணி பன்னிரண்டு இலக்கத்தையும், பெயர் முகவரியையும் கையால் தட்டினார். பெயரும் எண்ணும் போட்ட பட்டை அச்சாகி வந்தது, அக்காவின் மணிக்கட்டில் கட்டினார்கள்.

வார்டில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஊசியோடு வந்தார். அக்கா அரை மயக்கத்தில்.

"என்ன ஊசி மிஸ்ஸி?" சும்மாதான் கேட்டேன்.

"பெனிசிலின், அண்ணே. புண்ணுக்கு."

அக்கா சட்டென்று கண்ணைத் திறந்தார். "ஐயோ, வேணாம்! எனக்கு அது ஆகாது. போன தடவை இங்கதான் போட்டாங்க... மூச்சே நின்னு போச்சு."

மிஸ்ஸி கணினியைப் பார்த்தார். "அலர்ஜி ஒன்னும் காட்டலையே அக்கா. புது பேஷண்ட்னு இருக்கு."

புது பேஷண்டா? பன்னிரண்டு வருஷமாக அதே இடத்தில் சர்க்கரைக்கு மருந்து வாங்குகிறவர்!

பட்டையையும் ஐசியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எட்டு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று.

கவுண்டருக்கு ஓடினேன்.

"ஒரு நம்பர்தானே தப்பு, திருத்திடலாம் லா," என்றார் அந்தப் பெண்மணி.

"அந்த ஒரு நம்பர்ல ஒரு உயிர் போயிருக்கும்மா!"

கத்தினேன். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே!

அதிகாரி வந்து சரியான எண்ணைத் தட்டியதும் பழைய கோப்பு திறந்தது. முதல் வரியே சிவப்பில் — பெனிசிலின் ஒவ்வாமை. மருந்தை மாற்றினார்கள். மிஸ்ஸி பழைய ஊசியை எடுத்துப்போனார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

அந்த சிஸ்டத்தின் மேல்தான். அதே பெயர், அதே முகவரி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 'இவர்தானா அவர்?' என்று ஒரு கேள்வி கேட்கத் தெரியாதா அதற்கு? நாசி கண்டார் சோறு ஆர்டர் செய்தால்கூட, 'முகவரி சரியா?' என்று ஆப் இரண்டு தடவை கேட்கிறதே!

புகார் எழுதிக் கொடுத்தேன். 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று ஒற்றை வரியில் பதில். யார் கவனத்தில்?

அக்கா சனிக்கிழமை நலமாக வீடு திரும்பினார். 'விட்டுடுங்க தம்பி' என்பார் என நினைத்தேன். அவரோ பேனாவைக் கேட்டார்.

"இன்னொரு புகார் எழுதுங்க, நானே கையெழுத்துப் போடுறேன். முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆபீஸ்ல எழுத்து வேலை, கிராணியா இருந்தேன். எத்தனை பிள்ளைங்க நம்பர் எழுதியிருப்பேன்! எழுதினதைத் திருப்பி ஒரு தடவை படிக்க எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?"

பத்து விநாடி. அந்தப் பன்னிரண்டு இலக்கத்தையும் வீட்டில் நானே படித்துப் பார்த்தேன்.

அதனால் சொல்கிறேன் — உங்கள் கையில் பட்டை கட்டியதும் நன்றி சொல்லாதீர்கள். முதலில் படியுங்கள்!