ஐந்து மணிக்கு முன் ஒரு திருத்தம்

எங்கள் சபையில் பாதி நேரம், நேரம் போதவில்லை என்று கத்துவதிலேயே போய்விடும். வாய்க்கொழுப்பில் சொல்லவில்லை. டப்ளினில் இந்த நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் உறுப்பினர்களின் உதவியாளராகவே தலை நரைத்தவள் நான். யார் எத்தனை மணிக்கு எதைப் பேசலாம் என்று முடிவு பண்ணுவதற்கு இவர்கள் போடுகிற சண்டையில் ஒரு ஊரையே கட்டி முடிக்கலாம்.

அட்ராக்டா கில்டே என் எதிர்மேசைக்காரி. மேயோ மாவட்டத்துப் பெண். எதிர்க்கட்சி உறுப்பினர் கோல்மன் டர்கனுக்கு உதவியாளர். அவருடைய கடிதம், மேடைப்பேச்சு, தொகுதிக்காரர்கள் புகார் எல்லாம் இவள் தலையில்தான். வாரக் கடைசியானால் ரயிலேறி அண்ணன் மலக்கியிடம் ஓடிவிடுவாள். கல்யாணம் காட்சி ஒன்றும் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "இங்க இருக்கிற ஆம்பளைங்களப் பாத்தப்புறமுமா?" என்பாள்.

மலக்கி கல்லறைக்கல் செதுக்குகிறவன். அந்த வட்டாரத்தில் செத்தவர்களில் பாதிப்பேருடைய பெயரைக் கல்லில் வெட்டியவன் அவன்தான். கல்தூசி நுரையீரலில் படிந்து, இப்போது கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடப்பதற்குள் மூச்சு முட்டி உட்கார்ந்துவிடுகிறான். பட்டறை முதலாளி போனைக்கூட எடுப்பதில்லை.

இப்படிக் கல்தூசியால் கெட்டவர்களுக்கு, முதலாளிமார்களிடம் வசூலித்த நிதியிலிருந்து மாதாமாதம் உதவி கொடுக்க ஒரு மசோதா வந்தது. அட்ராக்டா ஆசையாகப் படித்தாள். குவாரி இருக்கிறது, சுரங்கம் இருக்கிறது, கல்லறைக்கல் பட்டறையைக் காணோம். எழுதிய மகராசன் மறந்துபோனான். அதையும் சேர்க்கச் சொல்லி ஒரே ஒரு வரித் திருத்தத்தை கோல்மன் பெயரில் கொடுக்க வைத்தாள். அந்தப் புதன்கிழமை காலை அமைச்சரே நடைபாதையில் கோல்மனை நிறுத்தி, திருத்தம் சரிதான், அவையில் எடுத்துக்கொண்டால் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். நாங்கள் இருவரும் ஸ்கோன் ரொட்டி வாங்கித் தின்று கொண்டாடினோம்.

கொண்டாட்டம் மத்தியானம்வரைக்கும்கூட நிற்கவில்லை. அரசாங்கக் கொறடா போட்ட அட்டவணையில் அந்த மசோதா சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிந்தே ஆக வேண்டும் என்றிருந்தது. ஐந்தடித்தால் யார் வாயில் எந்த வார்த்தை இருந்தாலும் அவைத்தலைவர் நிறுத்திவிடுவார். ஒரே கேள்வி, ஒரே ஓட்டு. அரசாங்கத்தின் திருத்தங்கள் அதோடு சேர்ந்து கரையேறிவிடும். மற்றவர்கள் கொடுத்ததில் அதுவரை முடிவாகாததெல்லாம் செத்தது. கோல்மனுடையது வரிசையில் வால்பக்கம் கிடந்தது. அமைச்சர் தன் பெயரில் கொடுக்கலாமென்றால் அதற்கான கெடு முடிந்துவிட்டது. மேலவையில் சேர்க்கலாமென்றால், அங்கே முடிந்துதான் மசோதா இங்கே வந்தது. அட்ராக்டா பாதி ஸ்கோனை அப்படியே வைத்துவிட்டாள்.

அன்றைய அட்டவணையை அவை ஏற்கும் நேரம் வந்தது. கோல்மனின் கட்சித் தலைவரே எழுந்து, மூன்று நாள் விவாதிக்க வேண்டியதை ஒரு மத்தியானத்தில் அடைப்பதா என்று முழங்கினார். ஓட்டெடுப்பு கேட்டார். மணி அலறியது, எல்லோரும் ஓடினார்கள், தோற்றார். பொத்தான் ஓட்டு போதாது, எல்லோரும் எழுந்து நடந்து எண்ண வேண்டும் என்றார். மறுபடி மணி, மறுபடி தோல்வி. தோற்பார் என்று கட்டடத்துக்கே தெரியும். நேரம் பறிபோகிறது என்று காட்டுவதற்காக இருந்த நேரத்தையும் இவர்களே தின்றார்கள். இந்தக் கூத்தை எந்த ஊர்க்காரன் நம்புவான்?

ஓட்டுக்கு முன்னாலேயே அட்ராக்டா கோல்மனைப் பிடித்து, இன்று மட்டும் வேண்டாமென்று தலைவரிடம் சொல்லுங்கள் என்று கெஞ்சியிருந்தாள். கட்சி முடிவு, நான் என்ன பண்ணட்டும் என்று சொல்லிவிட்டு அவரும் வரிசையில் போய் நடந்தார்.

விவாதம் தொடங்கும்போதே வெயில் சாய்ந்துவிட்டது. அட்ராக்டா சும்மா உட்காரவில்லை. தன் திருத்தத்துக்கு முன்னால் யார் யாருடையது இருக்கிறதோ அவர்கள் அறையெல்லாம் ஏறி இறங்கினாள். வெட்கத்தை விட்டு அண்ணன் கதையைச் சொன்னாள். இரண்டு பேர் சுருக்கமாகப் பேசுகிறோம் என்றார்கள். வாய்த்துடுக்குக்குப் பேர்போன ஒரு அம்மாள், "எனக்கு ஓட்டு எப்படியும் விழாது, உங்க அண்ணனுக்காவது விழட்டும்," என்று தன் திருத்தத்தையே வாபஸ் வாங்கினார். அந்த வாய்க்கு நூறு கும்பிடு போடலாம்.

அட்ராக்டா முந்தின வாரமே ஒரு பேச்சு எழுதி கோல்மனிடம் கொடுத்திருந்தாள். மலக்கியின் கையைப் பற்றி, அவன் வெட்டிய எழுத்துகளைப் பற்றி. நான் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினேன். அதைப் படிக்க ஆரம்பித்துவிடுவாரோ என்றுதான் இப்போது அவளுக்குப் பயம். அவையின் கதவருகே அவரைக் கூப்பிட்டு நிறுத்தினாள், நானும் கூட நின்றேன்.

"கோல்மன், பேச்சு வேண்டாம். எந்திரிங்க, 'முன்மொழிகிறேன்'னு ஒரு வார்த்த, உடனே உக்காந்துருங்க. மிச்சத்த அமைச்சர் பாத்துக்குவார்."

"எனக்கே பாடமா? நான் சபைக்கு வந்தப்போ நீ பள்ளிக்கூடத்துல இருந்த," என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

அறைக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தோம். அரசாங்கப் பக்கம் ஒருத்தர் தன் தொகுதிக் குவாரியின் வரலாற்றை ஆரம்பித்தார். அட்ராக்டா கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவரை அவைத்தலைவர் அடக்கினார். அடுத்தது, அதற்கடுத்தது என்று நகர்ந்தது. ஐந்துக்குச் சில நிமிடம் இருக்கையில் அவைத்தலைவர் கோல்மன் பெயரைக் கூப்பிட்டார். வந்தேவிட்டது. அட்ராக்டா என் முழங்கையை நசுக்கினாள்.

"முன்மொழிகிறேன்," என்றார் கோல்மன்.

உட்கார் என்று இரண்டு பேரும் டிவியைப் பார்த்துச் சொன்னோம். எதிரே அமைச்சர் பாதி எழுந்தேவிட்டார். கோல்மன் உட்காரவில்லை. இவ்வளவு முக்கியமான விஷயத்துக்கு இவ்வளவுதான் நேரமா என்று கேட்டார். பார்வையாளர் மாடத்தை ஒருமுறை பார்த்தார். பாவி, சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

நன்றாகத்தான் படித்தார், அதை மறுக்க மாட்டேன். மலக்கி கில்டே என்று பெயர் சொன்னபோது அவையே அமைதியானது. அமைச்சர் கடிகாரத்தைக் காட்டிக் கையசைத்தார். பின்னாலிருந்த பெண் உறுப்பினர் கோல்மனின் கோட்டைப் பிடித்து இழுத்தார். இவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசிப் பத்தி பாக்கியிருக்கும்போது அவைத்தலைவர் எழுந்துவிட்டார். மணி ஐந்து.

கேள்வியை வைத்தார்கள், மசோதா நிறைவேறியது. குவாரி உண்டு, சுரங்கம் உண்டு.

கொஞ்ச நேரத்தில் கோல்மன் அறைக்கே வந்தார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. வழியெல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கினார்களாம். அட்ராக்டாவைப் பார்த்ததும்தான் குரல் இறங்கியது.

"என்னம்மா பண்றது, அவ்வளவு நல்லா எழுதியிருந்த. நடுவுல நிறுத்த மனசு வரல."

எனக்கு அந்த ஆளை அங்கேயே அறையலாம் போலிருந்தது. அதற்குள் மேசை மேலிருந்த அவள் போன் அடித்தது. மலக்கி. வீட்டில் டிவியில் பார்த்திருக்கிறான். அவன் குரல் கம்மலாக வருமென்று அவள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவாள், அன்றும் கை தானாகப் போட்டுவிட்டது.

"என் பேரச் சொன்னாங்க... கேட்டேன்," என்றான். "கெடச்சிருச்சா?"

"இல்ல, மலக்கி. அவர் முடிக்கிறதுக்குள்ள நேரம் முடிஞ்சிருச்சு. ஒரு வார்த்த சொல்லிட்டு உக்காந்திருந்தா போதும். உக்காரல."

போனில் அவன் மூச்சை இழுக்கும் சத்தம்தான் வந்துகொண்டிருந்தது. கோல்மன் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"ஒரு வார்த்த சொல்லிட்டு... உக்கார்றதா?" என்றான் மலக்கி. "நான் தினமும்... அதத்தானே செய்றேன்."